மகோதர நீரும் புற்றுநோய்க் கேள்வியும்

களமசேரி எச்.எம்.டி. காலனிப் பக்கம் எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியும் கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. முன்னது கூட்டுறவுக் கல்லூரியாகத் தொடங்கி 2013இல் கேரள அரசின் கைக்கு வந்தது. பின்னது அதன் பிறகு எழுந்தது. வயிறு ஊதி, கைலி இடுப்பில் நிற்காமல் மட்டாஞ்சேரியிலிருந்தோ பெரும்பாவூரிலிருந்தோ வந்து சேரும் ஒருவர் இந்த வளாகத்தில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைய வேண்டும்? இதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அவர் வயிற்றிலிருந்து ஊசியில் எடுக்கும் சில பத்து மில்லி நீர்தான். அந்த நீரை எதற்கெல்லாம் சோதிப்பது, எந்த எண்ணை எவ்வளவு நம்புவது என்று மருத்துவ உலகம் அரை நூற்றாண்டாக வாதாடிக்கொண்டிருக்கிறது.

ஊர்வழக்கில் மகோதரம், பெருவயிறு என்போம். ஆரோக்கியமான வயிற்றறையில் குடல்கள் உரசாமல் வழுக்கிச் செல்லப் போதுமான ஈரம் மட்டுமே உண்டு. நோயில் அது பத்து லிட்டரைக்கூடத் தாண்டும். மேலைநாட்டுப் பாடநூல்களைத் திறந்தால் கணக்கு எளிது: நூறு பேரில் 80க்கு மேற்பட்டோருக்குக் கல்லீரல் சுருங்கும் சிரோசிஸ், பத்துப் பேர் வாக்கில் புற்றுநோய், மூன்று பேருக்கு இதயச் செயலிழப்பு, இரண்டு பேருக்குக் காசநோய். நம் நாட்டு வார்டில் அந்தக் கடைசி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட வைத்தியம் பார்க்க முடியாது. புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் குறியீடுகள் பற்றிய பேச்சில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் ஆய்வுகளில் புற்றுநோய்க்கு எதிர்த் தரப்பில் நிற்பது சிரோசிஸ். நம் வார்டில் காசநோய். எதிர்த் தரப்பு மாறினால் சோதனையின் மதிப்பும் மாறிவிடும்.

முதலில் நீர் எடுப்பதைப் பார்க்க வேண்டும். பாதிப் பிழை அங்கேதான் நுழைகிறது. நோயாளியைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, இரண்டு விரற்கடை உள்ளே ஊசி இறங்கும். தோலைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடித்துக் குத்தினால், ஊசியை எடுத்தபின் தோல் துளையும் உள்துளையும் நேர்கோட்டில் நிற்காது, நீர் கசியாது. வருவது வைக்கோல் நிறமாக இருந்தால் யாரும் பதறுவதில்லை. சிவப்பாக வந்தால் உறவினர் முகம் மாறிவிடும். ஊசி ஒரு ரத்தநாளத்தைக் கீறினாலும் சிவக்கும்; அப்போது எடுக்க எடுக்க நிறம் வெளுக்கும், வைத்திருந்தால் உறையும். புற்றுநோயால் தேங்கும் நீரிலும் பெரும்பகுதி ரத்தச் சிவப்பாக இருப்பதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடலாம். பிறகு பங்கீடு. செல் எண்ணிக்கைக்கு உறையாமல் காக்கும் ஊதா மூடிக் குழாய், ஆல்புமினுக்குச் சாதாரணக் குழாய், கிருமி வளர்ப்புக்குப் படுக்கையருகிலேயே நிரப்பும் புட்டி, செல் ஆய்வுக்கு 50 மில்லியாவது. அதே நாளில், முடிந்தால் அதே நேரத்தில், கையிலிருந்து ரத்தமும் எடுத்தாக வேண்டும். இது ஏன் என்பது கீழே வரும்.

பழைய அளவுகோல் புரதம். நீரில் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல் புரதம் இருந்தால் வீக்கத்தாலோ கட்டியாலோ ஊறிய நீர், அதற்குக் கீழே என்றால் அழுத்தத்தால் கசிந்த நீர் என்று பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். இந்தக் கோடு பல இடங்களில் உடையும். சிரோசிஸ்காரர்களில் ஒரு பகுதியினருக்குப் புரதம் கோட்டைத் தாண்டும். இதயம் தளர்ந்து தேங்கும் நீரிலோ புரதம் மிகுந்தே இருக்கும், ஏனென்றால் அங்கே கல்லீரலின் நுண்நாளங்கள் இன்னும் தழும்பேறாமல் புரதத்தைத் தாராளமாக வெளியே விடுகின்றன.

கேரளத்து மருத்துவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதயத்தின் உள்சுவர் தடித்து இறுகும் எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்ற நோயை 1940களில் உகாண்டாவில் டேவிஸ் விவரித்தார். கேரளக் கடலோரத்திலும் அது ஒரு காலத்தில் ஏராளம். காலில் வீக்கம் கொஞ்சம், வயிற்றில் நீர் மிக அதிகம் என்பது அதன் தோற்றம். நீரில் புரதம் மிகுந்திருப்பதால் காசநோய் என்றோ கட்டி என்றோ தவறாக எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் கடற்கரை மணலின் மோனசைட்டிலிருந்து வரும் சீரியத்தையும் மக்னீசியக் குறைவையும் அதன் காரணமாகச் சந்தேகித்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். இன்று அந்த நோய் அருகிவிட்டது, காரணம் பற்றிய வாதம் முடியவில்லை. கழுத்து ரத்தநாளத்தைப் பார்க்காமல் வயிற்று நீரை மட்டும் பார்க்காதே என்ற பாடம் மட்டும் செல்லுபடியாகிறது.

புரதக் கோட்டின் இடத்தைப் பிடித்தது ஆல்புமின் இடைவெளி. ரத்தத்தின் ஆல்புமினிலிருந்து வயிற்று நீரின் ஆல்புமினைக் கழித்தால் வரும் எண் இது. ஆங்கில எழுத்துகளைக் கோத்து ‘சாக்’ என்பது வார்டு வழக்கு. நாளத்துக்குள் அழுத்தம் நீரை வெளியே தள்ளும், ஆல்புமின் உள்ளே இழுக்கும் என்று 1896இல் ஸ்டார்லிங் காட்டிய சமநிலையே இதன் அடிப்படை. கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் ஏறினால், அதை ஈடுகட்டும் அளவுக்கு ரத்த ஆல்புமினும் நீர் ஆல்புமினும் விலகி நிற்கும். ஹோஃப்ஸும் சகாக்களும் 1970களின் இறுதியிலும் 1983இலும் இதை எண்களாக்கினார்கள். 1992இல் ரன்யன் குழு 901 இணை மாதிரிகளை வைத்துச் சோதித்தது. இடைவெளி 1.1 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் போர்ட்டல் அழுத்தம் என்ற முடிவு 97 சதவீதம் சரியாக இருந்தது; பழைய புரதக் கோடு 56 சதவீதத்தோடு நின்றுவிட்டது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான்.

இது கழித்தல் கணக்கு என்பதால் இரண்டு எண்களும் ஒரே நாளுடையவையாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை ரத்தத்தையும் வியாழக்கிழமை நீரையும் வைத்துக் கழித்தால் வரும் விடைக்குப் பொருளில்லை. இடையில் ஆல்புமின் பாட்டில் ஏற்றியிருந்தால் சொல்லவே வேண்டாம். ரத்தத்தில் குளோபுலின் 5 கிராமுக்கு மேல் ஏறியிருந்தால் இடைவெளி பொய்யாகக் குறையும், அதற்குத் திருத்தச் சூத்திரம் உண்டு. பால்போல் கொழுப்பு கலந்த நீரில் பொய்யாக ஏறும்.

ஆனால் ஆல்புமின் இடைவெளி புற்றுநோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்வது அழுத்தத்தைப் பற்றி. குறைந்தால் கேன்சர், கூடினால் கேன்சரில்லை என்று எழுதிவிட்டுப் போகும் சுருக்கவழி இன்னும் ஒழியவில்லை. ரன்யன், ஹோஃப்ஸ், மார்கன் மூவரும் 1988இல் புற்றுநோயாளிகளின் வயிற்று நீரை வகை பிரித்தபோதே இது தெளிவாகிவிட்டது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குத்தான் புற்று, வயிற்றறையின் உள்சவ்வான வயிற்றுறையில் பரவியிருந்தது. அவர்களிடம் இடைவெளி குறைவு, புரதம் அதிகம், நீரில் புற்றுச் செல்கள். கல்லீரல் முழுக்கப் புற்று பரவியவர்களுக்கு இடைவெளி கூடுதல், நீரில் செல்கள் இல்லை. சிரோசிஸ் கல்லீரலில் புற்று கண்டவர்களின் நீர் சிரோசிஸ் நீர் மாதிரியே இருந்தது. நிணநாளம் அடைபட்டவர்களின் நீர் பால் நிறம், டிரைகிளிசரைடு 200 மில்லிகிராமுக்கு மேல், செல்கள் இல்லை. ஆக, புற்றுநோயாளியின் நீர் எல்லாம் புற்று நீர் ஆகாது. ஒரே எண்ணால் எல்லாவற்றையும் பிடிக்கும் குறியீட்டைத் தேடிய ஆய்வுகள் பல சறுக்கியது இந்த இடத்தில்தான்.

கொலஸ்ட்ராலின் கதை இதைவிடச் சுவையானது. 1980களில் ம்யூனிக்கில் யுங்ஸ்ட், கெர்பெஸ் முதலானோர் நீரிலுள்ள கொழுப்புகளை அளந்தார்கள். சிரோசிஸ் நீரில் கொலஸ்ட்ரால் மிகக் குறைவு, வயிற்றுறைப் புற்று நீரில் அதிகம். டெசிலிட்டருக்கு 48 மில்லிகிராம் என்று 1986இல் ஒரு கோடு போட்டார்கள். 1991இல் கெர்பெஸ் குழு அதை ஒரு வரிசை முறையாக்கியது. முதலில் கொலஸ்ட்ரால் பார், 45க்குக் கீழே என்றால் நிறுத்திக்கொள்; மேலே போனால் செல் ஆய்வும் சிஇஏ என்ற புற்றுக் குறியீட்டின் அளவும் பார். மலிவான சோதனையை முன்னால் நிறுத்தி, விலை கூடியதைத் தேவைப்படுவோருக்கு மட்டும் வைத்த இந்த யோசனையின் நேர்த்தியை இன்றும் பாராட்டலாம். அதே காலத்தில் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதமும் நல்ல முடிவுகள் தந்தது. அளப்பது சிரமம், அதனால் கைவிடப்பட்டது.

கொலஸ்ட்ரால் ஏன் ஏறுகிறது? ரத்தத்தில் அது லிப்போபுரதம் என்ற பெரிய துகள்களில் ஏறிப் பயணிக்கிறது. நல்ல நாளச்சுவர் அவற்றைத் தடுக்கும், ஓட்டை விழுந்த சுவர் விட்டுவிடும். கட்டிகள் நாளச்சுவரைக் கசியவைக்கும் பொருளைச் சுரக்கின்றன என்பதை 1983இல் பாஸ்டனில் செங்கரும் டுவோராக்கும் கண்டறிந்தார்கள். கினிப்பன்றியின் கட்டியால் ஊறிய வயிற்று நீரிலிருந்துதான் அதைப் பிரித்தார்கள். இன்று விஇஜிஎஃப் என்ற பெயரில் புற்றுநோய் மருந்துகளின் இலக்காக இருப்பது அதுவே. எனவே கொலஸ்ட்ரால் அளப்பது கசிவை. கசிவு கட்டியாலும் வரும், வீக்கத்தாலும் வரும். காசநோயால் சிவந்து புண்பட்ட வயிற்றுறையும் கொலஸ்ட்ராலை ஒழுகவிடும்.

ம்யூனிக்கின் வார்டில் இது சிறு தொந்தரவு. இங்கே இதுவே மையச் சிக்கல். அலகாபாத்தில் மிஸ்ரா, திவிவேதி குழு 1990களில் ஆல்புமின், புரதம், கொலஸ்ட்ரால், இவற்றின் விகிதங்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டது. சண்டிகரில் ராணா குழு 2005இல் கொலஸ்ட்ராலைத் தனியாக எடுத்து ஆய்ந்தது. அதற்குப் பிறகு தென்னாட்டு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு இது பிடித்தமான தலைப்பாகிவிட்டது. கோடு 45இலிருந்து 70 வரை ஊருக்கு ஊர் நகர்கிறது. இதில் வியப்பில்லை. எதிரணியில் எத்தனை சிரோசிஸ்காரர், எத்தனை காசநோயாளர் என்பதைப் பொறுத்துக் கோடு நகரத்தான் செய்யும். சிரோசிஸ் மட்டும் எதிரணியில் இருந்தால் எந்தச் சோதனையும் பிரமாதமாகத் தெரியும். இப்படிப்பட்ட ஆய்வைப் படிப்பவர் கடைசி வரியிலுள்ள சதவீதத்துக்குப் போகும் முன் ஒப்பீட்டுக் குழுவின் அட்டவணையைப் பார்ப்பது நல்லது. காசநோய் அதில் நாலைந்து பேர்தான் என்றால் அந்தச் சதவீதம் நம் வார்டுக்கு உதவாது.

காசநோயைப் பிரிக்க நம் கையிலுள்ள மலிவான ஆயுதம் ஏடிஏ என்ற அடினோசின் டீஅமினேஸ். நிணச்செல்கள் கிளர்ந்தெழும்போது ஏறும் நொதி இது. அலகாபாத் குழு 1990இல் 33 யூனிட் என்ற கோட்டில் மிக நல்ல முடிவுகளைக் காட்டியது. பிந்தைய தொகுப்பாய்வு 39ஐ ஒட்டிக் கோடு போட்டது. அமெரிக்காவில் ஹில்லபிராண்டும் ரன்யனும் 1996இல் பார்த்தபோது காசநோயாளர்களில் 59 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது. சிரோசிஸும் சேர்ந்திருந்தவர்களில் 30 சதவீதம். சிரோசிஸ்காரரின் நீரில் புரதமும் நோயெதிர்ப்பும் குறைவு, நொதியும் ஏறுவதில்லை. குடியால் கல்லீரல் கெட்டவருக்குக் காசநோயும் வந்தால் ஏடிஏ குறைந்து ஏமாற்றும். மறுபக்கம், லிம்ஃபோமா என்ற நிணப் புற்றில் ஏடிஏ ஏறி ஏமாற்றும். காசநோய்க் கிருமியை நேரில் பார்க்கலாம் என்றால் நீரைப் பூசிப் பார்ப்பதில் நூற்றுக்கு மூன்று பேரிடம்கூடக் கிடைப்பது அரிது, வளர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற மரபணுச் சோதனை வந்தபின் நிலை மேம்பட்டது, தீரவில்லை.

நோயாளிகளின் கைப்பையில் அதிகம் காணப்படும் அறிக்கை சிஏ 125. இதைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1981இல் பாஸ்ட் குழு சூலகப் புற்றின் குறியீடாக இதை அறிமுகம் செய்தது. 35 யூனிட் என்பது வழக்கக் கோடு. வயிற்றுறையின் உள்தோல் செல்கள் இழுபட்டாலே இதைச் சுரக்கும். அதனால் வயிற்றில் நீர் தேங்கிய எவருக்கும், மீசை வைத்த சிரோசிஸ் ஆண்களுக்கும்கூட, நூற்றுக்கணக்கில் ஏறும். நீரை வடித்தால் இறங்கும். வயிற்றில் நீருள்ளவர்களுக்கு இதைப் பார்க்கவே வேண்டாம் என்று அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் எழுதியது. இருந்தும் ஸ்கேனில் நீர், ரத்தத்தில் சிஏ 125 ஐந்நூறு என்ற இரண்டு தாள்களோடு, வெறும் காசநோய் உள்ள இளம்பெண்கள் சூலகப் புற்று என்ற பெயரில் அறுவை அறைக்குள் போவது இந்தியாவில் அரிய செய்தியல்ல. எதிர்ப்பிழையும் நடக்கிறது. காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்று இரண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டு, அதற்குள் பரவிய புற்றோடு வருகிறவர்கள் உண்டு. இந்த இரண்டாவது பிழைக்குத் தாளில் தடயம் கூட இருக்காது, ஏனென்றால் அது சிகிச்சை என்ற பெயரில் நடக்கிறது.

சிஇஏ கொஞ்சம் நேர்மையானது. 1965இல் கோல்டும் ஃப்ரீட்மனும் மாண்ட்ரியலில் கண்டது. நீரில் அது நன்றாக ஏறியிருந்தால் குடல், இரைப்பை, சளி சுரக்கும் சூலகக் கட்டிகளைப் பற்றிய சந்தேகம் வலுக்கும். ஏறாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது. ஒரு விதிவிலக்கு: குடல் ஓட்டையானாலும் அதன் உள்ளடக்கம் கலந்து நீரில் சிஇஏ ஏறும். கடும் வயிற்றுவலியோடு வந்தவரிடம் இந்த எண்ணைக் கண்டு புற்றுநோய் என்று எழுதினால் ஆளை இழக்க நேரிடும். எல்டிஹெச் நொதி ரத்தத்தைவிட நீரில் அதிகம் என்றால் கிருமியோ கட்டியோ எதுவோ இருக்கிறது என்று மட்டும் பொருள்.

கடைசி நீதிபதி நுண்ணோக்கிதான். வயிற்றுறையில் பரவிய புற்றில் முதல் மாதிரியிலேயே 83 சதவீதம், மூன்று முறை எடுத்து அனுப்பினால் 97 சதவீதம் பேரிடம் புற்றுச் செல்கள் தெரியும் என்பது ரன்யன் வழிவந்த கணக்கு. அதற்கு நிபந்தனை, 50 மில்லி புதுநீரைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது. காலையில் எடுத்த குழாய் மாலைவரை வார்டு மேசையில் கிடந்தால் செல்கள் உப்பிச் சிதையும். சாதாரண உள்தோல் செல்லும் புற்றுச் செல்லும் ஒன்றுபோலத் தோன்றும். இருபது ஆண்டு அனுபவமுள்ள நோய்க்குறியியலாளர்கூட அப்போது ‘சந்தேகத்துக்குரியது’ என்று எழுதி ஒதுங்குவார். அறிக்கைகளின் இந்த மழுப்பலைக் குறைக்க 2020இல் சர்வதேச அளவில் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறை வந்தது: மாதிரி போதாது, புற்று இல்லை, இயல்பு மாறியது, புற்று என்று சந்தேகம், புற்று. எஞ்சிய வண்டலை மெழுகுக் கட்டியாக்கி, கால்ரெட்டினின் போன்ற சாயங்களை ஏற்றினால் உள்தோல் செல்லா, வெளியிலிருந்து வந்த செல்லா என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும். மூலக்கட்டி எங்கே என்பதற்கும் அங்கேயே துப்பு கிடைக்கும். என் பார்வையில் கொலஸ்ட்ரால், சிஏ வகையறாக்கள் எல்லாவற்றுக்கும் செலவாகும் பணத்தை இந்த மெழுகுக் கட்டிக்குத் திருப்புவதே புத்திசாலித்தனம்.

கேரளத்துக்கென்று இன்னொரு பொறியும் உண்டு. 1960களில் டாக்டர் கீவர்கீஸ், கணையத்தில் கல் கட்டும் இளவயது நோயாளிகளை வரிசையாகக் கண்டு எழுதினார். 1968இல் அதைப் பற்றிய நூலும் வந்தது. மரவள்ளிக்கிழங்கின் மீது பழி விழுந்தது, பிறகு மரபணுக்களின் பக்கம் பார்வை திரும்பியது. இப்படிப்பட்ட கணையத்தின் குழாய் வெடித்து வயிற்றில் கசிந்தால் வரும் நீரில் புரதம் அதிகம், ஆல்புமின் இடைவெளி குறைவு; ஆளோ எலும்பும் தோலுமாக மெலிந்திருப்பார். பார்த்தால் முற்றிய புற்று என்றே சொல்லத் தோன்றும். நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதியைப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் நிற்கும், விஷயம் முடிந்தது. இந்தச் சோதனையை யாரும் எழுதாததால் மாதக்கணக்கில் அலைந்தவர்களும் உண்டு.

நீரில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகள், மெத்திலேற்றக் குறிகள் என்று புதிய குறியீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆய்வகத்தில் நம்பிக்கை தருகின்றன. மாவட்ட மருத்துவமனைக்கு வர இன்னும் தூரம்.

இருப்பதை வைத்து ஒரு தீர்ப்புக்கு வரலாம். முதல் நீரிலேயே செல் எண்ணிக்கை, ஆல்புமின் இடைவெளி, மொத்தப் புரதம் மூன்றும் கட்டாயம். நியூட்ரோஃபில் 250ஐத் தொட்டால் கிருமித்தொற்றுக்கு உடனே மருந்து, மற்றதெல்லாம் பிறகு. இடைவெளி கூடுதல் என்றால் கல்லீரலையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். பழைய சிரோசிஸ்காரருக்குத் திடீரென நீர் கூடினால் கல்லீரலில் கட்டி தேட வேண்டும், நீரில் தேடிப் பயனில்லை. இடைவெளி குறைவு, நிணச்செல்கள் மிகுதி என்றால் ஏடிஏ, செல் ஆய்வு, தேவைப்பட்டால் அமைலேஸ். இவ்வளவுக்கும் பிறகு விடை நடுவில் நின்றால் இன்னொரு குறியீட்டைத் தேடிப் போகக் கூடாது. ஸ்கேன் வழிகாட்டக் கொழுப்புத் திரையிலிருந்தோ லேப்ராஸ்கோப்பி வழியே வயிற்றுறையிலிருந்தோ ஒரு துணுக்குத் திசு எடுக்க வேண்டும். வயிற்றுக் காசநோயில் லேப்ராஸ்கோப்பியும் பயாப்சியும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் விடை தருகின்றன. காசநோய் மருந்தைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பது, திசு எடுக்கவே முடியாத நோயாளிக்கு மட்டும் உரியது.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் வயிற்றில் நீர் எடுத்தால், ரத்தம் அதே நாளில் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஆல்புமின் இடைவெளி எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். செல் ஆய்வுக்கு நீர் போனதா, எத்தனை மில்லி, எப்போது போனது என்று விசாரியுங்கள். சிஏ 125 தாள் ஒன்றை மட்டும் காட்டி அறுவைக்கு நாள் குறித்தால், கையெழுத்துப் போடும் முன் இன்னொரு மருத்துவரிடம் அந்தக் கோப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.